பன்னிரண்டாம் கட்டில்

மூன்று மாடி வீடு ஒன்று ஒரே நாளில் காணாமல் போகுமா? இடிந்து விழவில்லை, எரியவில்லை, வெள்ளமும் அடித்துக்கொண்டு போகவில்லை. நின்ற இடத்தில்தான் நிற்கிறது. கீழே டைல்ஸ் கடை நடக்கிறது. மேலே இரண்டு மாடியிலும் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். ஆனால் விவாகரத்து வழக்கில் கணவன் கொடுத்த சொத்துப் பட்டியலில் அந்த வீடு மட்டும் இல்லை.

"மனுஷன் எதையும் மறைக்கல மேடம்," என்றார் சம்மன், பட்டியலைப் புரட்டிக்கொண்டே. "ரெண்டு சக்கர வண்டி, ஃபிரிட்ஜ், தையல் மெஷின், பிளாஸ்டிக் நாற்காலி நாலு. அதுல ஒண்ணுக்குக் கால் உடைஞ்சிருக்குன்னுகூட எழுதியிருக்காரு. இவ்வளவு யோக்கியமான ஆளு, பாவம், வீட்டை மட்டும் மறந்துட்டாரு."

சம்மன் என்பது அவர் பெயரல்ல. பதினாறு வருஷம் நீதிமன்றச் சம்மன்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர். தன் முகத்தில் அறைந்து சாத்திய கதவுகளைச் சேர்த்துவைத்திருந்தால் ஒரு மரக்கடையே போட்டிருக்கலாம் என்பார். வேலையை விட்டு எட்டு வருஷமாகியும் பெயர் அவரை விடவில்லை.

அவர் 'மேடம்' என்று கூப்பிடும் பெண்மணிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. சல்லடை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்துகளை விசாரிக்கும் பிரிவில் இருபத்தைந்து வருஷம் இருந்தவர். ஐயாயிரம் ஜீன்ஸ் எரிந்துபோனதாக ஒரு முதலாளி பணம் கேட்டு வந்தபோது, கிடங்குச் சாம்பலை மூன்று நாள் உட்கார்ந்து சல்லடையில் சலித்து, அதில் ஒரு ஜிப்கூட இல்லை என்று சொன்னவர். ஓய்வு பெற்றதும் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். அதில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு சம்மன்.

இருவரும் இப்போது உட்கார்ந்திருந்தது ஒரு மருந்துக்கடையின் பின்னறையில். மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே எதிரே நின்றுகொண்டிருந்தவர்தான் அந்த வீட்டை இழந்தவர். நாற்பத்து நான்கு வயது, மருந்தாளர். அதே வீட்டின் கீழ்த்தளத்தில் பதினோரு வருஷம் சொந்தமாக மருந்துக்கடை நடத்தியவர், இப்போது அடுத்தவர் கடையில் மாதச் சம்பளத்துக்கு நிற்கிறார்.

"அவர் டைல்ஸ் கடை, என் மருந்துக்கடை, ரெண்டு வருமானமும் சேர்த்துத்தான் ஒவ்வொரு மாடியா கட்டினோம்," என்றார் மருந்தாளர். "பத்திரம் மட்டும் அவர் பேர்ல. கட்டின புருஷன்தானேன்னு நானும் விட்டுட்டேன். விவாகரத்துக்கு மனு போட்ட பிறகுதான் தெரியுது, அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அவங்க அம்மாவுக்கு வீட்டைத் தானமா எழுதிக் கொடுத்திருக்காரு."

"தாய்ப்பாசம்," என்றார் சம்மன்.

"வழக்கு முடிஞ்சதும் தாய் அதே பாசத்தோட பிள்ளைக்குத் திருப்பி எழுதிக் கொடுப்பாங்க," என்றார் சல்லடை. "உங்க மாமியார் இப்போ எங்க?"

"ரெண்டரை வருஷம் முன்னாடி முதியோர் இல்லத்துல சேர்த்துட்டாரு. நான் கடைக்கு மருந்து எடுக்க வெளியூர் போயிருந்த நாள்ல கூட்டிட்டுப் போயிட்டாரு. பதினோரு வருஷம் நான் பார்த்துக்கிட்டவங்க. ரெண்டு தடவை போனேன். மகன் அனுமதி இல்லாம யாரையும் விட மாட்டோம்னு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க."

மருந்தாளர் தானப் பத்திரத்தின் நகலை நீட்டினார். கடைசிப் பக்கத்தில் தானத்தை ஏற்றுக்கொண்டவரின் சின்னப் புகைப்படம், பக்கத்தில் வலது பெருவிரல் ரேகை. நகலில் இரண்டுமே கறுப்பாக அப்பியிருந்தன. கீழே ஒரு வரி: பக்கவாதத்தால் வலது கை செயலிழந்து கையெழுத்திட இயலாததால் கைரேகை பெறப்பட்டது.

"போட்டோவுல இருக்கறது அவங்கதானா?"

"தெரியல மேடம். முடியை ஒட்ட வெட்டியிருக்காங்க, முகமும் வீங்கியிருக்கு. நோயில விழுந்தா முகம் மாறும், எனக்கும் தெரியும். ஆனா கைநாட்டு? அவங்க முப்பது வருஷம் அச்சகத்துல பிழை திருத்தினவங்க. மருந்துச் சீட்டுல நான் ஒரு எழுத்தை விட்டுட்டாலும் கூப்பிட்டுக் காட்டுவாங்க."

"பக்கவாதம் வந்தா பிழை திருத்தறவங்களும் கைநாட்டுதான்," என்றார் சம்மன். சொன்ன பிறகு மருந்தாளரின் முகத்தைப் பார்த்து, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அன்று திங்கட்கிழமை. வழக்கு வியாழக்கிழமை. அன்றைக்கு நீதிபதி சொத்துப் பட்டியலை ஏற்றுக்கொண்டுவிட்டால், கால் உடைந்த நாற்காலி உட்பட நான்கில் இரண்டு மருந்தாளருக்கு வரும்.

"மாமியாரை நேர்ல காட்டச் சொல்லி கோர்ட்டுல மனு போடலாமே?" என்றார் சம்மன், வெளியே வந்ததும்.

"போடலாம். உத்தரவு வர ஒரு மாசம். அதுக்குள்ள அந்த அம்மா எந்த ஊர்ல இருப்பாங்களோ. உங்களுக்கு அத்தை யாராவது இருக்காங்களா?"

"இல்லையே மேடம்."

"இப்போ இருக்காங்க. அவங்களுக்கு இல்லத்துல இடம் பார்க்கப் போறோம். நான் உங்க அக்கா. வாய் தவறி மேடம்னு கூப்பிட்டுடாதீங்க."

"அக்கான்னா உரிமையா சண்டையெல்லாம் போடலாமே."

"அத்தைக்கு இடம் கிடைச்ச பிறகு போடுங்க."

இல்லம் ஊருக்கு வெளியே, லாரிகள் நிறுத்தும் சாலையில் இருந்தது. ஒரு காலத்தில் துணிக்கிடங்காக இருந்த கட்டடம். உள்ளே பலகை வைத்துத் தடுத்து அறைகளாக்கியிருந்தார்கள். பினாயில் வாசனையையும் மீறி வேறொரு வாசனை இருந்தது. மேலாளர் வெள்ளைச் சட்டை போட்டு, பேனாவைச் சொருகி, பேச்சிலேயே பன்னீர் தெளித்தார்.

"எங்க அத்தைக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி," என்றார் சம்மன். "உங்க பணியாளுங்க தாங்குவாங்களா?"

"அதெல்லாம் கவலையே படாதீங்க சார். நம்ம ஆளுங்க எல்லாரும் தங்கம்."

"ரொம்ப வருஷமா இருக்கற ஆளுங்களா?" என்று கேட்டார் சல்லடை.

மேலாளர் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பழைய ஆளுங்க சரியில்லைன்னு எல்லாரையும் மாத்தினேம்மா. ரெண்டு வருஷம் ஆகப்போகுது. இப்போ இருக்கறவங்க எல்லாம் புதுசு."

சம்மன் அறைகளை எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒவ்வொரு அறையிலும் இரண்டு கட்டில். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு தகர எண். நடைபாதைக் கடைசியில் பன்னிரண்டு இருந்தது. அந்த அறையில் மட்டும் ஒரு கட்டில் காலி.

"இவங்க மகன் டைல்ஸ் கடை வச்சிருக்காரு," என்றார் மேலாளர், கேட்காமலே. "மாசம் தவறாம முதல் ஞாயிற்றுக்கிழமை வருவாரு. பழம், பிஸ்கட் எல்லாம் வாங்கிட்டு வந்து பத்து நிமிஷமாவது பக்கத்துல உட்கார்ந்துட்டுப் போவாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளை கிடைக்குமா?"

கட்டிலில் ஒட்ட வெட்டிய நரைமுடியோடு ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தார். முழங்கால்வரை பழுப்பு நிறப் போர்வை. சாயம் வெளுத்து, ஓரம் பிரிந்து போயிருந்தது. மடியில் பாதி தீர்ந்த பிஸ்கட் பொட்டலம். வந்தவர்களை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, தன் வேலையைத் தொடர்ந்தார்.

"நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார் சல்லடை. "மகன் நல்லா பார்த்துக்கறாரா?"

"என் மகன் நல்லவன்," என்றார் அந்த அம்மாள். ஒப்பிப்பது போல இருந்தது.

சம்மனுக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. அம்மா இருக்கிறார், மகன் வருகிறார், ரேகையும் இவருடையதாகத்தான் இருக்கும். புத்தி மங்கிய தாயிடம் பிள்ளை ரேகை வாங்கினான் என்று வழக்காடலாம். அது முடிவதற்குள் இந்த அம்மாளே இருக்க மாட்டார். வந்த வழி முட்டுச்சந்து. அவர் பார்வை சும்மா சுற்றி, போர்வை மூலையில் நின்றது. சிவப்பு நூலில் யாரோ கையால் தைத்திருந்தார்கள்: 7.

"துவைக்கறதெல்லாம் எப்படி?" என்றார் சல்லடை. "எங்க அத்தைக்குத் தன் துணி அடுத்தவங்களுக்குப் போனா பிடிக்காது."

"மாடியில போய்ப் பாருங்கம்மா," என்றார் மேலாளர். தொலைபேசி அடிக்கவே அவர் அறைக்குத் திரும்பினார்.

படியேறும்போது சல்லடை கேட்டார்: "அந்த அம்மா கையில என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்க?"

"பிஸ்கட் தாளை மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. தபால்தலை அளவுக்கு, ஓரமெல்லாம் சரியாச் சேர்த்து. பொறுமைசாலி."

"எந்தக் கையால?"

சம்மன் இரண்டு படி ஏறினார். மூன்றாவது படியில் நின்றார். "வலது கையால."

"பக்கவாதத்துல செயலிழந்த வலது கை."

"பக்கவாதம் குணமாகக்கூடாதா?"

"ஆகலாம். குணமானா முப்பது வருஷம் பிழை திருத்தின அம்மா தலைமாட்டுல ஒரு புத்தகமாவது, மூக்குக்கண்ணாடியாவது இருக்கணும். ஒண்ணும் இல்லை. அந்தக் கைக்கு ஒரு நோயும் இல்லை சம்மன். எழுதத் தெரியாது, அவ்வளவுதான்."

மாடியில் வரிசை வரிசையாகக் கொடி கட்டியிருந்தது. துவைக்கும் பெண் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும், பேச ஆள் கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம்.

"துணி மாறவே மாறாதுங்க. ஒவ்வொருத்தர் துணியிலயும் அவங்க நம்பரைச் சிவப்பு நூல்ல தச்சிருவோம். இதோ பாருங்க."

"ஒருத்தர் போயிட்டா அந்த நம்பர் அடுத்தவங்களுக்கு வருமா?" என்று கேட்டார் சம்மன்.

"வராதுங்க. செத்தவங்க நம்பர்ல யாருங்க படுப்பா? அந்தக் கட்டிலுக்கே புது நம்பர் போட்டுருவாங்க. நான் வர்றதுக்கு முன்னாடி ஏழு போயிருச்சு. அநாதையாம். மாநகராட்சி வண்டிலதான் போச்சாம்." துவைக்கும் பெண் ஒரு தலையணை உறையை உதறிக் கொடியில் போட்டார். "பன்னிரண்டாம் கட்டில் அம்மாதான் குழப்பம். அவங்களோட புதுத் துணியில எல்லாம் பன்னிரண்டுன்னுதான் இருக்கு. ஆனா அந்தப் பழைய போர்வை ஏழாம் நம்பர். செத்தவங்க போர்வையை ஏம்மா போர்த்திக்கறீங்க, தூக்கிப் போடறேன்னு கேட்டா கொடுக்க மாட்டேங்கறாங்க. சிரிக்கறாங்க."

சல்லடை சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து தொலைபேசியை எடுத்துச் சம்மனிடம் நீட்டினார். "மருந்தாளர் அம்மா எங்க நிக்கறாங்க?"

"தெருமுனையில, நாம வந்த வாடகைக் காருலயே இருக்காங்க."

"வரச் சொல்லுங்க. வாசல்ல யாராவது தடுத்தா..."

"பதினாறு வருஷ அனுபவம் மேடம். கதவு சாத்தறதுக்கு முன்னாடி காலை வைக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியும்."

"அக்கா," என்று திருத்தினார் சல்லடை.

அவர்கள் மறுபடி அறைக்குள் போனபோது அந்த அம்மாள் மடித்த தாளைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார். சல்லடை காலியாக இருந்த கட்டிலில் உட்கார்ந்தார்.

"அம்மா, இந்தக் கட்டில்ல முன்னாடி இருந்தவங்க அச்சகத்துல வேலை பார்த்தவங்களா?"

அந்த அம்மாள் தலையணையைத் தட்டி நேராக்கினார்.

"நீங்க ஏழுதானே?"

சம்மன் அதுவரை நினைத்திருந்தது ஒன்றுதான். நினைவு தப்பிய ஒரு கிழவியிடம் எவனோ வந்து 'நான்தான் உன் மகன்' என்று சொல்லியிருக்கிறான், இவரும் நம்பிவிட்டார். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அந்த நினைப்பு போய்விட்டது. அதில் எந்த மங்கலும் இல்லை.

"கதவைச் சாத்து தம்பி," என்றார்.

சம்மன் சாத்தினார்.

"நீங்க போலீஸா?"

"இல்லம்மா. இங்க இருந்த அம்மாவோட மருமகளுக்காக வந்திருக்கோம்."

"மருந்துக்கடைப் பொண்ணா?" அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அந்தம்மா என்கூட எட்டு மாசம் இருந்துச்சு. ராத்திரியில எனக்குத் தூக்கம் வராதுன்னு பேப்பர் படிச்சுக் காட்டும். எனக்குத்தான் எழுத்து தெரியாதே. மகன் வருவான், பத்திரத்தைக் கொண்டாந்து கையெழுத்துப் போடுன்னு நிப்பான். மூணு தடவை வந்தான். 'அவ சம்பாத்தியமும் இதுல இருக்கு, நான் தொட மாட்டேன்'னு அந்தம்மா பேனாவைக் கையிலயே வாங்கல. மூணாந்தடவை அவன் போட்ட சத்தத்துல பக்கத்து அறை ஆளுங்கெல்லாம் எட்டிப் பார்த்தாங்க."

"அப்புறம்?"

"காய்ச்சல் வந்துச்சு. மூணு நாளு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி நான்தான் கத்தினேன். மேலாளர் மகனுக்குப் போன் போட்டாரு. நாளைக்குப் பார்க்கலாம்னு சொன்னானாம். மறுநாள் வந்தான். அதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

நடையில் செருப்புச் சத்தம் வந்து, கடந்து போனது. அந்த அம்மாள் அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"ரெண்டு பேரும் அந்த வாசப்படியில நின்னு ரொம்ப நேரம் பேசினாங்க. காலையில மாநகராட்சி வண்டி வந்துச்சு. தலைமாட்டுல இருந்த தகரத்தை மாத்தி மாட்டினாங்க. வண்டிக்காரன் பேர் கேட்டான். மேலாளர் என் பேரைச் சொன்னாரு. என் பேரு, எங்கப்பா பேரு, என் வயசு, எல்லாம் சொன்னாரு. நான் இதே கட்டில்ல உட்கார்ந்து என்னைத் தூக்கிட்டுப் போறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

சம்மன் சுவரில் சாய்ந்தார்.

"நீங்க ஏன் ஒண்ணும் சொல்லலம்மா?" என்றார் சல்லடை.

"யார்கிட்ட? என் பிள்ளைங்க ரெண்டு பேரும் காசு அனுப்பறதை நிறுத்தி ஒரு வருஷம் ஆயிருந்துச்சு. கடுதாசி போட்டா திரும்பி வருது. அடுத்த மாசம் உன்னை வெளிய விட்டுருவேன்னு மேலாளர் சொல்லிட்டாரு. அன்னைக்கு வந்து, இனிமே நீ பன்னிரண்டு, உன் செலவு கட்டியாச்சு, வாயை மட்டும் மூடிக்கோன்னாரு. ஒரு மாசம் கழிச்சு பத்திரப் பதிவு ஆபீசர் ஒருத்தர் வந்து விரலை உருட்டி ரேகை எடுத்துக்கிட்டுப் போனாரு." அவர் தன் வலது பெருவிரலைப் பார்த்தார். "அந்த ஆபீசர் முன்னாடி அவன் என்னை அம்மான்னு கூப்பிட்டான். கூப்பிடும்போது குரல் நடுங்குச்சு. பெத்தவளை நினைச்சா, மாட்டிக்குவோம்னா, தெரியல. அப்புறம் மாசா மாசம் வந்து கூப்பிடறான். பெத்ததுங்க ரெண்டும் வரல. வந்தவனை நீ என் மகன் இல்லடான்னு சொல்ல எனக்கென்ன வசதியா இருக்கு?"

வெளியே மேலாளரின் குரல் உயர்ந்தது. சம்மன் கதவைத் திறந்துகொண்டு போனார். மருந்தாளர் நடைபாதைக் கடைசியில் வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் மேலாளர் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"மகன் அனுமதி இல்லாம உள்ள..."

"எந்த மகன் சார்?" என்றார் சம்மன். "ஏழோட மகனா, பன்னிரண்டோட மகனா?"

மேலாளரின் கைகள் தாமாகவே இறங்கின. மருந்தாளர் அவரைத் தாண்டி வந்தார்.

வாசலில் நின்று கட்டிலைப் பார்த்தார். ஒரு நொடிதான். "இது எங்க அத்தை இல்லை," என்றார். பிறகு காலிக் கட்டிலைப் பார்த்தார். சல்லடையைப் பார்த்தார்.

"எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது," என்றார் சல்லடை.

மருந்தாளர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். நடந்தது எல்லாவற்றையும் அந்த அம்மாள் மறுபடி ஒருமுறை சொன்னார், இந்தத் தடவை இன்னும் மெதுவாக. மருந்தாளர் அழவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்.

"என்னைக் கேட்டாங்களா?"

அந்த அம்மாள் பொய் சொல்லலாமா என்று யோசித்தது சம்மனுக்கே தெரிந்தது.

"கேட்டுச்சு. அவ வந்து மருந்து கொடுத்தா சரியாப் போயிரும்னு ரெண்டு தடவை சொல்லுச்சு."

சம்மன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே லாரி ஒன்று பின்னால் வந்து நின்றது. அதன் ஓட்டுநர் இறங்கி, டயரை உதைத்துப் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

சல்லடைதான் பேச்சைத் தொடங்கினார். "தானப் பத்திரம் எழுதின தேதியில உங்க மாமியார் உயிரோட இல்லை. செத்தவங்களுக்குத் தானம் கொடுக்க முடியாது. பத்திரம் செல்லாது, வீடு பட்டியலுக்குத் திரும்பி வரும். ஆனா அதை நிரூபிக்கறதுக்கு நம்மகிட்ட ஒரே ஒரு சாட்சிதான். காகிதத்துல அந்த சாட்சி செத்துப்போயிட்டாங்க."

எல்லோரும் அந்த அம்மாளைப் பார்த்தார்கள்.

"நான் கோர்ட்டுல வந்து சொல்றேன்னு வை," என்றார் அவர். "அன்னைக்கு சாயங்காலம் இந்தக் கட்டில் எனக்கு இருக்குமா? நாளைக்கு யாரு சோறு போடுவா? நீங்க கேஸ் ஜெயிச்சுட்டுப் போயிருவீங்க."

நியாயமான கேள்வி. சம்மன் பதினாறு வருஷத்தில் எத்தனையோ சாட்சிகளைப் பார்த்திருக்கிறார். நீதிமன்றம் அவர்களுக்குப் பேருந்துக் கட்டணம் கொடுக்கும். திரும்பிப் போவதற்கு வீடு கொடுக்காது.

"எனக்கு வீட்டுல பங்கு வர இன்னும் வருஷமாகலாம்," என்றார் மருந்தாளர். "இப்போ ஒத்தை அறை வாடகைக்கு இருக்கேன். கட்டில் ஒண்ணுதான் இருக்கு. நான் கீழே படுத்துக்கறேன். காலையில எட்டு மணிக்குக் கடைக்குப் போனா திரும்ப எட்டாகும். பகல் முழுக்க நீங்க தனியாத்தான் இருக்கணும். இதுக்கு மேல சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லம்மா."

"நான் உன் மாமியார் இல்ல."

"தெரியும். மாமியாரா இருந்தா கேட்டிருக்க மாட்டேன். வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேன்."

அந்த அம்மாள் தலையணைக்கடியில் வைத்த தாளை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு போர்வையை விலக்கிவிட்டுக் கால்களைத் தரையில் வைத்தார். "செருப்பு கட்டிலுக்கடியில இருக்கு. எடுத்துக் கொடு தம்பி."

"மகனுக்குப் போன் போட்டீங்கன்னா நீங்க கூட்டாளி சார், போடலைன்னா வெறும் சாட்சி," என்றார் சம்மன் மேலாளரிடம், அந்த அம்மாளை வாசலுக்குக் கூட்டிப் போகும்போது.

வியாழக்கிழமை காலை குடும்ப நீதிமன்றத்தில் கூட்டம் அதிகம். ஒரு மூலையில் குழந்தையை யார் மடியில் வைத்துக்கொள்வது என்று இரண்டு குடும்பங்கள் இழுத்துக்கொண்டிருந்தன. சம்மனுக்கு அந்த வராந்தா பழக்கம். அவர் வழக்கும் இங்கேதான் முடிந்தது.

"எங்க பாகப்பிரிவினையில வீடு அவளுக்கு, மேசை விசிறி எனக்கு," என்றார் சல்லடையிடம். "அது ஒரு பக்கம்தான் திரும்பும் மேடம். அவ படுத்திருந்த பக்கம்."

சல்லடை எப்போதாவதுதான் அவர் தோளைத் தட்டுவார். அன்று தட்டினார்.

டைல்ஸ்காரர் சலவைச் சட்டையில் வந்திருந்தார். களைத்த முகம், கொடியவன் என்று சொல்ல முடியாத முகம். அதுதான் சம்மனுக்கு எரிச்சலாக இருந்தது. அவருடைய வக்கீல் எழுந்து, வீடு தாயாருடைய சொத்து, நோயுற்ற தாயைக் கைவிடாத மகன் என்று பேசி முடித்தபோது, மருந்தாளரின் வக்கீல் ஒரு சாட்சியை அழைக்க அனுமதி கேட்டார்.

அந்த அம்மாளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தவர் சல்லடை.

டைல்ஸ்காரர் எழுந்துவிட்டார். ஒரு கணத்தில் அவர் கணக்குப் போட்டதைச் சம்மன் பார்த்தார். இந்த அம்மாள் வாய் திறப்பதற்கு முன் தான் முந்திக்கொள்ள வேண்டும்.

"அம்மா," என்றார், நீதிபதிக்குக் கேட்கும்படி. "உடம்பு முடியாம நீங்க ஏம்மா இங்க வந்தீங்க?"

"உட்காருங்க," என்றார் நீதிபதி அவரிடம். பிறகு சாட்சியிடம் திரும்பினார். "நீங்க யாருன்னு சொல்லுங்கம்மா."

அந்த அம்மாள் தன் பெயரைச் சொன்னார். தகப்பன் பெயரைச் சொன்னார். வயதைச் சொன்னார். சொல்லும்போது குரல் சற்றும் தயங்கவில்லை.

"அந்தப் பேர்ல இருக்கறவங்க ரெண்டு வருஷம் முன்னாடி செத்துட்டதா மாநகராட்சிப் பதிவேட்டுல இருக்குங்க," என்றார். "அது நான் இல்லீங்க. அது இவரோட அம்மா." டைல்ஸ்காரரைப் பார்த்தார். "தம்பி, நீங்க கொண்டுவந்த பழத்தைச் சாப்பிட்டிருக்கேன். அதுக்காக உங்க மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனா இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க."

டைல்ஸ்காரர் உட்கார்ந்தார். அவர் வக்கீல் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். அடுக்கி முடித்த பிறகும் அடுக்கிக்கொண்டே இருந்தார்.

மதியத்துக்குள் எல்லாம் நடந்துவிட்டது. தானப் பத்திரம் நிறுத்திவைக்கப்பட்டது. இல்லத்துக்குப் போலீஸ் போனது. வீட்டைப் பிரிக்க வேண்டிய சொத்தில் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது.

வராந்தாவில் மருந்தாளரின் வக்கீல் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். "பாதி வீடு உறுதிம்மா. கிரிமினல் கேஸ் தனியா போகும். விவாகரத்து அடுத்த வாய்தாவுலயே வாங்கிடலாம். அவங்க பக்கம் இனிமே மூச்சு விட மாட்டாங்க."

"அடுத்த வாய்தாவுல வேண்டாம்," என்றார் மருந்தாளர்.

வக்கீலுக்குப் புரியவில்லை. சம்மனுக்கும்தான். இந்த ஆளோடு ஒரு நாள்கூட அதிகமாகக் கட்டுண்டு கிடக்க இவருக்கு என்ன தலையெழுத்து?

"இறப்புப் பதிவேட்டுல அத்தை பேர் இல்லை சார். வேற பேர்ல, அநாதைன்னு எழுதி எரிச்சிருக்காங்க. சாம்பல்கூட இல்லையாம், கேட்டுட்டேன். பேரையாவது மாத்தணும். மனு போட ரத்த உறவோ நெருங்கின சொந்தமோ வேணுமாம். மகன் போட மாட்டாரு. விவாகரத்து ஆயிட்டா நான் யாரு?"

"திருத்தறதுக்கு எட்டு மாசம்கூட ஆகலாம்மா. அதுவரைக்கும் இவர் மனைவியாவா இருப்பீங்க?"

"இருந்துட்டுப் போறேன்."

மறுநாள் காலை பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் சம்மன் வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்தார். சல்லடை அந்த அம்மாளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்; அந்த அம்மாளுக்கும் ஒரு மனு இருந்தது, தான் உயிரோடு இருப்பதாக. எழுத்தர் படிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவருக்கு நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

"இறந்தவருக்கு நீங்க என்ன உறவு?"

"மருமகள்."

எழுத்தர் இணைத்திருந்த நீதிமன்ற உத்தரவைப் படித்தார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "இதுல விவாகரத்து வழக்குன்னு போட்டிருக்கே?"

"நடந்துக்கிட்டிருக்கு. இன்னும் முடியல."

எழுத்தர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ மருமகள்தான்," என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.